நான்காவது கணக்கைத் திருத்தியவருக்கு

முப்பத்து நான்கு ஆண்டுகளாக எங்கள் நடுநிலைப் பள்ளியின் கரும்பலகைக்குக் காவலிருந்தவரே! சிவப்பு மையைச் சிக்கனமாகவும் உண்மையைத் தாராளமாகவும் செலவழித்தவரே! பட்டதாரி ஆசிரியர், கணிதப் பெருந்தகை முத்துநாயகம் அவர்களே! வணக்கம்.

சென்ற ஆகஸ்டு மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை ஆன்ட்ரூஸ் நம் பள்ளி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, இங்கே கணித ஆசிரியையான தம் மனைவி குளோரியை இறக்கிவிட்டார். பிந்தி வரும் பிள்ளைகளைப் பிடிப்பது அந்த வாரம் தங்கள் முறை. அதனால் தாங்களும் வாசலில் நின்றீர்கள்.

"சாயங்காலம் மீன் வாங்கிட்டு வரட்டா?" என்று ஆன்ட்ரூஸ் கேட்டார்.

"சாளை கெடச்சா வாங்குங்க. போன தடவை மாதிரி ஐஸ் போட்டது வேண்டாம்" என்றார் குளோரி.

"பாத்தியளா சாரே, கணக்கு டீச்சரைக் கெட்டினவன் மீன் வாங்கப்படுத பாடு!" என்று தங்களிடம் சிரித்துவிட்டு ஆன்ட்ரூஸ் வண்டியைத் திருப்பினார். அவருக்கு ரப்பர் ஷீட் வியாபாரம். அன்று மத்தியானம் மார்த்தாண்டத்தில் ஷீட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழும்பவில்லை.

பாராட்டு விழாவில் இதையெல்லாம் எதற்கு வாசிக்க வேண்டும் என்று வந்திருப்போர் நினைக்கலாம். எங்கள் பள்ளியில் பணி நிறைவு மடல் எழுதுகிறவர் தமிழாசிரியர் ஞானதாசன். இம்முறையும் அவர்தான் தொடங்கினார். சிகரமே, சுடரே, சீலமே என்று ஒரு பக்கம் எழுதிய பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டார். "இத நான் வாசிச்சா முத்துநாயகம் சாரு எனக்க முகத்தப் பாப்பாரு. எனக்கு வெக்கமா இருக்கு. நீங்க எழுதுங்க டீச்சர்" என்று தாளைக் குளோரியின் மேசையில் வைத்தார். இம்மடலின் கீழ் எல்லோரும் கையெழுத்திடுவதால், எழுதிய குளோரியும் மற்றவர்களைப் போல இதில் ஒரு பெயராகவே வருகிறார். வெட்கம் அவருக்கும் உண்டு, எங்களுக்கும் உண்டு. அதைச் சொல்லாமல் தங்களைப் பாராட்டினால் அது பொய்யாகிவிடும்.

இயற்கணிதத்தின் வாயிற்காப்போரே!

ஆறாம் வகுப்பில் எண்களுக்கு நடுவே முதன்முதலாக ஓர் எழுத்து வந்து உட்காரும் நாளில் பிள்ளைகள் மிரண்டுபோவார்கள். அந்த மிரட்சியைத் தாங்கள் மிரட்டி ஓட்டியதில்லை, சிரிக்கவைத்து ஓட்டினீர்கள். ஒரு வாழைக்குலையில் வ காய்கள், ஒரு தேங்காய்க் குலையில் தே காய்கள் என்று வைத்துக்கொண்டு, மூன்று வாழைக்குலையிலும் இரண்டு தேங்காய்க் குலையிலும் மொத்தம் எத்தனை என்று கேட்டீர்கள். இன்று வங்கியில் வேலை பார்க்கும் வினோஜ் அன்று எழும்பி, மூன்று வ-வையும் இரண்டு தே-வையும் கூட்டி "அஞ்சு வதே சார்" என்றான். "ஏலே, வாழையும் தேங்காயும் ஒரே குலையில காய்க்குத மரம் எங்கல நிக்குது? எனக்குக் கொண்டு காட்டு, அஞ்சு மார்க்கும் ஒனக்குத் தாரேன்" என்றீர்கள். வினோஜ் இன்று விழாவுக்கு வந்திருக்கிறான். அந்த மரத்தை இன்னும் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னான்.

தாங்கள் விடைத்தாள் திருத்தும் முறை எங்கள் பள்ளிக்கே உரியது. பெருக்கல் குறியைப் போல் பெரிதாகக் கோடு கிழித்துப் பிள்ளையின் உழைப்பை அடித்ததில்லை. எந்த வரிவரை சரியாக வந்திருக்கிறதோ அந்த வரியின் ஓரத்தில் சின்னதாக ஒரு வட்டம் போடுவீர்கள். இதுவரை வந்துவிட்டாய், இனிமேல்தான் வழி தவறினாய் என்பது அதன் பொருள். வட்டத்துக்குப் பிந்திய வரிகளுக்கு அரை மதிப்பெண்கூடக் கொடுக்கமாட்டீர்கள். பெற்றோர் வந்து கெஞ்சியும், தலைமையாசிரியர்கள் வந்து கேட்டும், தங்கள் வட்டம் ஒரு வரி கீழே இறங்கியதில்லை.

வினாத்தாள் எடுப்பதிலும் தங்களுக்கென்று ஒரு வழி இருந்தது. ஒரே கருத்தை இரண்டு சட்டை மாட்டி அனுப்புவீர்கள். ஓரிடத்தில் அது வெறும் சமன்பாடாக நிற்கும். வேறோரிடத்தில் கதையாக வரும். இரண்டிலும் தவறினால் பிள்ளைக்குக் கருத்து புரியவில்லை, ஒன்றில் மட்டும் தவறினால் காரணம் வேறு, அதைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று இளைய ஆசிரியர்களுக்குச் சொல்லித் தந்தீர்கள். நாங்கள் தலையாட்டினோம். தேடிப் பிடிக்கும் வேலையை மட்டும் தங்களிடமே விட்டுவிட்டோம்.

பெருந்தகையீர்!

செப்டம்பர் கடைசியில் குளோரி பணிக்குத் திரும்பினார். அவருக்கு நாங்கள் செய்ததையெல்லாம் அன்பு என்றே நினைத்தோம். இடைவேளைக் கண்காணிப்பிலிருந்து அவர் பெயரை எடுத்தோம். இணையத்தில் ஏற்ற வேண்டிய வருகைப் பதிவை ஞானதாசன் ஏற்றினார். ஓய்வறையில் யாராவது சிரித்துக்கொண்டிருக்கும்போது குளோரி உள்ளே வந்தால் அந்தச் சிரிப்பை அப்படியே விழுங்கினோம். கதவைத் திறக்கும்போதெல்லாம் ஓர் அறை முழுக்க வாயை மூடுவதைத் தினமும் பார்க்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. தலைமையாசிரியை ஸ்மிதா எதற்கெடுத்தாலும், "நீ ஒண்ணும் செய்யாண்டாம் மக்கா, நாங்க பாத்துக்கிடுலாம்" என்றார். தாங்கள் ஒருவர்தான் அவர் வந்த மறுநாளே, "டீச்சர், எனக்க சாக்பீஸ் பெட்டிய எடுத்தது நீங்களா?" என்று பழைய குரலில் கேட்டீர்கள். அப்போதே எங்களுக்குத் தங்கள்மேல் கோபம்.

ஏழாம் வகுப்பு அ பிரிவு தங்களுடையது, ஆ பிரிவு குளோரியுடையது. அந்த வாரம் இரண்டிலும் எளிய சமன்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. குளோரி பலகையில் 3x + 12 = 30 என்று எழுதினார். அடுத்த வரியில் 3x = 42 என்று எழுதினார். அதற்கடுத்து x = 14. கழிக்க வேண்டிய பன்னிரண்டைக் கூட்டிவிட்டார். பதினாறு ஆண்டுகள் கணிதம் கற்பித்த கை அது. அந்தக் கை எழுதுவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஆனாலும் மனம் அங்கே இல்லை. அன்று போட்ட கணக்கெல்லாம் அப்படியே போயின. "புரிஞ்சுதா?" என்று கேட்டார். "புரிஞ்சு டீச்சர்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. வழக்கத்தைவிட உரக்கச் சொன்னது. ஆ பிரிவு இவ்வளவு ஒழுங்காகப் பாடம் கேட்டதில்லையே என்று குளோரிக்கு அன்று கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

இரு பிரிவுக்கும் பொதுவான அலகுத் தேர்வுக்குத் தாங்கள் வினாத்தாள் எடுத்தீர்கள். நான்காவது கணக்கு 3x + 12 = 30. புத்தகத்தில் இருந்ததுதான். ஏழாவது கணக்கு அதுவே வேறு சட்டையில் வந்தது: திற்பரப்பு அருவிக்குச் சுற்றுலா செல்லும் இருபத்தொன்பது பேரில் ஐந்து பேர் பேருந்தில் போகிறார்கள், மற்றவர்கள் நான்கு ஆட்டோக்களில் சம எண்ணிக்கையில் ஏறுகிறார்கள், ஓர் ஆட்டோவில் எத்தனை பேர்?

அவரவர் பிரிவை அவரவர் திருத்துவதே எங்கள் வழக்கம். ஆனால் குளோரிக்குப் பாரம் வேண்டாமென்று ஸ்மிதா டீச்சர் ஆ பிரிவுக் கட்டையும் தங்கள் மேசைக்கு அனுப்பிவிட்டார். இது பிள்ளைகளுக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து மதிய உணவு நேரத்தில் தாங்கள் அந்தக் கட்டோடு குளோரியிடம் வந்தீர்கள். நாங்கள் எல்லோரும் ஓய்வறையில்தான் இருந்தோம்.

"இது அபிதா தாளு. நாலாவது பாருங்க டீச்சர். பெறவு ஏழாவது பாருங்க."

குளோரி பார்த்தார். "நாலாவதுல கழிக்கதுக்குப் பதிலு கூட்டியிருக்கா. ஏழாவது சரியா இருக்கு. ஆட்டோவுக்கு ஆறு பேரு."

"அடுத்த தாளு பாருங்க."

அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும், அதற்கடுத்ததும் அப்படியே. எல்லாத் தாளிலும் நான்காவது கணக்கின் முதல் வரியோரத்தில் தங்கள் சின்ன வட்டம், ஏழாவதற்கு முழு மதிப்பெண்.

"எல்லாம் ஒரே எடத்துல வழுக்கி விழுந்திருக்கே" என்றார் குளோரி. "யாரைப் பாத்து எழுதியிருக்கு சார்?"

தாங்கள் சொன்னீர்கள்: "போர்டைப் பாத்து."

குளோரிக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. தாங்கள் குரலைத் தாழ்த்தி, "தெரியாம எழுதினா நான் சொல்லிக் கொடுத்துருவேன். இது தெரிஞ்சே எழுதியிருக்கு. நீங்க திருத்துவீங்கன்னு நினைச்சு, ஒங்களுக்கு நோவக் கூடாதுன்னு எழுதியிருக்கு. இத நான் திருத்த முடியாது டீச்சர்" என்று சொல்லி, கட்டை அவர் முன்னே வைத்துவிட்டுப் போனீர்கள்.

கணவர் இறந்தபோது ஊரே பார்க்கக் கதறி அழுதவர் குளோரி. அதில் அவருக்கு வெட்கம் இருந்ததில்லை. இப்போது அழக்கூட முடியவில்லை. காதுவரை சுட்டது. "புரிஞ்சு டீச்சர்" என்ற அந்த உரத்த குரல் எதற்கென்று இப்போது தெரிந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கூடிப் பேசி, தமக்குத் தெரிந்த விடையை மறைத்து, தவறானதை அழகான கையெழுத்தில் எழுதி, தம் மதிப்பெண்ணை அவருக்கு இரக்கமாகக் கொடுத்திருந்தார்கள். அவர் அதை வாங்கியதுகூடத் தெரியாமல் வாங்கியிருந்தார். வகுப்பில் நிமிர்ந்து நிற்பதாக நினைத்த அத்தனை நாளும் பிள்ளைகள்தான் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். இனி எந்த முகத்தோடு அந்த வாசற்படியில் கால் வைப்பது?

தங்களை வராந்தாவில் மறித்தவர் ஞானதாசன். "சாரே, ஒமக்குக் கண்ணுல சோரை உண்டா, கொஞ்சமாவது எரக்கம் உண்டா? கெட்டினவன் மரிச்சு மூணு மாசம் ஆகல்ல. அவகிட்டக் கொண்டு காட்டுத காரியமா இது?"

"எனக்கு இல்லைன்னே வச்சுக்கிடும்" என்றீர்கள். "அந்தப் பிள்ளையளுக்கு நெறைய உண்டு. அதுதான் எனக்குப் பயம்."

அது என்ன பேச்சு என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்காமலே தீர்ப்பெழுதினோம். அன்றுமுதல் கிறிஸ்துமஸ் விடுமுறைவரை ஓய்வறையில் ஒருவரும் தங்களோடு சேர்ந்து சாப்பிடவில்லை. ஜன்னலோரத்தில் தனியாக உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் தின்றீர்கள். முன்பெல்லாம் அந்தச் சம்மந்திக்கு எங்களுக்குள் அடிபிடி நடக்கும். கேட்டு வாங்கக் கை நீளாத அந்த நாட்களை நினைத்தால் எங்களுக்கு இப்போதும் சோறு இறங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையே குளோரி தலைமையாசிரியையிடம் போனார். கணிதம் வேண்டாம், ஒன்றாம் வகுப்பைக் கொடுங்கள், அகரம் எழுதப் பழக்குகிறேன் என்று கேட்டார். ஸ்மிதா டீச்சர் மறுபேச்சின்றி, "செரி மக்கா, கால அட்டவணைய மாத்திருலாம்" என்றார். நாங்கள் அனைவரும் அது நல்லதென்றோம். ஆ பிரிவையும் சேர்த்து எடுக்க வேண்டியவர் தாங்கள். தங்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது "முடியாது" என்று சொன்னதாக மட்டும் எங்களுக்குச் செய்தி வந்தது. ஓய்வு பெறப்போகிறவர், பாரம் எதற்கென்று பார்க்கிறார் என்று பேசிக்கொண்டோம். குளோரியும் அன்று தங்களை வெறுத்தார்.

அன்று தலைமையாசிரியை அறையில் தாங்கள் சொன்ன மீதியை ஸ்மிதா டீச்சர் போன வாரம்தான் எங்களிடம் சொன்னார். சொல்லும்போது அவர் தலை நிமிரவில்லை. தாங்கள் சொன்னது இது: "எரக்கப்பட்டதுக்குத் தண்டனையா அந்தப் பிள்ளையளுக்க டீச்சரை எடுத்துட்டுப் போகச் சொல்லுதியளா? நாம எழுதினதுனாலதான் டீச்சர் போச்சுன்னு நினைச்சிட்டுல்லா அதுக வளரும். நான் எடுக்கமாட்டேன். அந்தப் பிரியடு ஒழிஞ்சு கெடந்தாலும் நான் எடுக்கமாட்டேன்."

தங்களுக்கு மூன்று மாதம் நாங்கள் கொடுத்த மௌனத்துக்கு நடுவிலும் இதைத் தாங்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் எங்கள் தலை அன்றே குனிந்திருக்கும். இன்று, மாலையும் மேடையும் வைத்துக்கொண்டு குனிய வேண்டியிருக்காது.

ஆள் கிடைக்காததால் திங்கட்கிழமை குளோரிதான் ஆ பிரிவுக்குப் போனார். படியில் கால் வைக்கும்போது திரும்பிவிடலாமா என்று இருந்தது. உள்ளே போய் அதே சமன்பாட்டை எழுதினார். கீழே அதே தவறான இரண்டு வரிகளை எழுதினார்.

"அபிதா, எழும்பு. இது சரியா?"

வகுப்புத் தலைவி அபிதா பலகையைப் பார்க்கவில்லை. "சரி டீச்சர்."

"ஜெஃப்ரின், நீ சொல்லு."

"சரிதான் டீச்சர்."

"அப்போ பதினாலை எடுத்து x இருக்குத எடத்துல போட்டுப் பாருங்க."

வாய்க்குள் கணக்கு ஓடியது. மூணு பதினாலு நாப்பத்திரண்டு, பன்னிரண்டு கூட்டினால் ஐம்பத்து நான்கு.

"ஐம்பத்து நாலு வருது. இங்க முப்பதுல்லா கெடக்கு?" என்றார் குளோரி.

ஜெஃப்ரின் மெல்ல எழும்பினான். "அந்த முப்பது பிரிண்டிங் மிஸ்டேக்கா இருக்கும் டீச்சர்."

"ஏலே, இரில அங்க!" என்று அபிதா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வகுப்பு சிரிப்பை அடக்கப் பார்த்தது. முடியவில்லை. ஆகஸ்டுக்குப் பிறகு முதன்முறையாகக் குளோரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. உடனே வகுப்பு கப்சிப். அபிதாவின் முகம் வெளிறிவிட்டது.

"நான் கை தூக்கினேன் டீச்சர், அண்ணைக்கே. பெறவு தாழ்த்திட்டேன். எனக்க அம்மை சொல்லிச்சு, ஒங்க டீச்சர் பாவம், அவள அழுது கரைய வைக்கப்பிடாதுன்னு."

குளோரி முகத்தைத் துடைத்தார். அந்த நாற்பது முகங்களுக்கு எதிரே நிற்க அப்போதும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றார். "நான் கரைஞ்சா கரைஞ்சுட்டுப் போறேன். அது எனக்க காரியம். கணக்கு சரியா இருக்கணும். இனி நான் தப்பாப் போட்டா யாரு முதல்ல கை தூக்குதியோ அவங்கதான் எனக்கு வேண்டப்பட்டவங்க. கேட்டியளா?"

"கேட்டோம் டீச்சர்." இம்முறை குரல் ஒன்றாக வரவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது.

அபிதா உட்காராமல் நின்றாள். "டீச்சர், அப்போ அந்த நாலு மார்க்கு?"

"கெடையாது."

"எங்களுக்கு விடை தெரியுமே டீச்சர்!"

"தெரிஞ்சத எழுதல்லியே. முத்துநாயகம் சாரு போட்ட வட்டம் போட்டதுதான்."

வகுப்பில் ஒரு முனகல் எழுந்தது. பின்வரிசையிலிருந்து யாரோ, "எட்டி அபிதா, எல்லாம் ஒன்னாலதான்" என்றார்கள். அந்த ஏச்சைக் கேட்டபோதுதான் குளோரிக்குத் தம் வகுப்பு திரும்பக் கிடைத்துவிட்டதென்று தோன்றியது. மூன்று நாள் கழித்து ஒரு மைனஸ் குறியை விட்டுவிட்டபோது, அவர் சாக்பீஸைப் பலகையிலிருந்து எடுப்பதற்குள் பதினைந்து கைகள் உயர்ந்திருந்தன. கொஞ்சம் அதிகமாகவே தூக்குகிறார்கள். சரியாகப் போட்டாலும் தூக்குகிறார்கள்.

மதிப்பிற்குரியீர்!

எல்லோரும் இரங்கினோம். எவரும் ஒரு வரியும் கற்றுத் தரவில்லை. இரக்கம் என்ற பெயரில் குளோரியை நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றி நின்றுகொண்டோம். தாங்கள் ஒருவர்தான் அவரை இன்னும் ஆசிரியர் என்று நம்பினீர்கள். நம்பியதால் தவறைக் காட்டினீர்கள். காட்டியதற்கு எங்கள் கோபத்தையும் கூலியாக வாங்கிக்கொண்டீர்கள். ஜனவரியில் தாங்கள் மரச்சீனிப் பாத்திரத்தை எங்கள் மேசைக்கு நடுவில் தாங்களாகவே கொண்டுவந்து வைத்தபோது, நாங்கள் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "சம்மந்தியில உப்பு கூடிப்போச்சு சாரே" என்று ஞானதாசன் சொன்னதற்கு மேல் எங்களுக்குப் பேச்சு வரவில்லை. அன்று கேட்காததை இந்த அவையறிய இன்று கேட்கிறோம். எங்களைப் பொறுத்தருள வேண்டும்.

கல்வியாண்டு முடியும்வரை பணி நீட்டிப்பு கிடைக்கும் என்றபோதும் வேண்டாமென்றீர்கள். காலையில் நிதானமாகத் தினசரி வாசியுங்கள். இல்லத்தரசியாரோடு நினைத்த நேரத்தில் நினைத்த ஊருக்குப் போய் வாருங்கள். கண்ணுக்கு வெளிச்சமும் காலுக்கு வலுவும் குறையாமல், நோயின் வாசல் தெரியாமல், நூறாண்டு நிறைவாய் வாழுங்கள். எங்கள் பக்கம் வரும் நாளில், எங்கள் பலகையில் பிழை கண்டால், எப்போதும்போல் உரக்கச் சொல்லுங்கள்.

தங்கள் அ பிரிவுக்குப் புதியவர் ஒருவர் வர இருக்கிறார். ஆ பிரிவின் கால அட்டவணையில் மாற்றம் இல்லை. திங்கட்கிழமை முதல் பாடவேளை கணிதம், ஆசிரியர் குளோரி.

தலைகுனிந்த வணக்கத்துடன்,
தலைமையாசிரியை, ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், சத்துணவுப் பணியாளர்கள்